அழகிப் போட்டி: மேடையில் நிற்பவரும் மேடை போட்டவரும்

கல்லூரிப் பட்டிமன்றங்களில் சலிக்காமல் வந்துபோகும் தலைப்பு ஒன்று உண்டு: அழகிப் போட்டி தேவையா, தேவையில்லையா? பட்டிமன்றம் என்றால் இரண்டே அணிதான். ஒரு அணி தன்னம்பிக்கை, பெண் முன்னேற்றம், நாட்டுக்குப் பெருமை என்று பேசும். எதிரணி பண்பாட்டுச் சீரழிவு, வணிகச் சூழ்ச்சி என்று பேசும். நடுவர் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடித்துவைப்பார். நிஜத்தில் இந்த விவாதம் அப்படி இரண்டாகப் பிரிவதில்லை. எதிர்ப்பவர்களுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத நாலைந்து தரப்புகள் இருக்கின்றன. ஆதரிப்பவர்களும் அப்படித்தான். யார் எதற்காக எதிர்க்கிறார்கள், யார் எதற்காக ஆதரிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் நிற்கும் பெண்ணைத் திட்டுவது ஒன்று. மேடையைப் போட்டு, விதி எழுதி, காசு பார்ப்பவர்களைக் கேள்வி கேட்பது வேறொன்று. நூறு வருடச் சண்டையில் முதலாவதுதான் அதிகம் நடந்திருக்கிறது. இரண்டாவது நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

யார் நடத்துகிறார்கள்?

மிஸ் வேர்ல்டை உலக அழகி என்றும் மிஸ் யூனிவர்ஸைப் பிரபஞ்ச அழகி என்றும் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. இரண்டும் தனித்தனி அமைப்புகள், இரண்டுமே தனியார் அமைப்புகள். தோளில் 'இந்தியா' என்று எழுதிய பட்டையோடு ஒரு பெண் நடந்து வரும்போது, ஒலிம்பிக் மாதிரி அரசாங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. உலக அளவில் பட்டத்தின் பெயரை வைத்திருக்கும் நிறுவனம், ஒவ்வொரு நாட்டிலும் ஒருவருக்கு உரிமம் கொடுக்கிறது. உரிமம் வாங்கியவர் உள்நாட்டில் போட்டி நடத்தி ஆள் அனுப்புகிறார். விளம்பரதாரர்கள், ஒளிபரப்பு உரிமை, போட்டியை நடத்தும் ஊர் தரும் பணம் ஆகியவற்றை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. ஜெயித்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அடுத்த ஓராண்டு அமைப்பு சொல்லும் இடத்துக்குப் போய்ச் சிரித்து, பேசி, நாடா வெட்ட வேண்டும். பட்டம் என்பது ஓராண்டு வேலை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

இதன் தொடக்கமே வியாபாரம்தான். 1921இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் ஒரு கவலை. கோடை முடிந்ததும் சுற்றுலாப் பயணிகள் ஊரைக் காலி செய்துவிடுகிறார்கள். இன்னும் சில நாள் அவர்களை நிறுத்திவைக்க, செப்டம்பரில் ஒரு திருவிழா, அதில் ஓர் அழகிப் போட்டி என்று உள்ளூர் வணிகர்கள் திட்டமிட்டார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த 16 வயது மார்கரெட் கோர்மன் ஜெயித்தார். பிற்பாடு மிஸ் அமெரிக்கா என்று பெயரெடுத்தது இந்தப் போட்டிதான்.

பிரபஞ்ச அழகிப் போட்டியின் பிறப்பு இன்னும் வெளிப்படையானது. 1950இல் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற யோலாண்ட் பெட்பீஸ் இசை படித்தவர், ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தில் பாடகியாக வர நினைத்தவர். பட்டம் கிடைத்த பிறகு நீச்சலுடையில் வலம்வர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். போட்டியின் விளம்பரதாரரோ கேட்டலினா என்ற நீச்சலுடை நிறுவனம். கோபித்துக்கொண்டு வெளியேறிய நிறுவனம், 1952இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் சொந்தமாகவே ஒரு போட்டியைத் தொடங்கியது. அதுதான் மிஸ் யூனிவர்ஸ். ஒரு பெண் முடியாது என்று சொன்னதற்கு ஒரு துணிக்கடைக்காரரின் பதில் அது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் 'பிரபஞ்ச அழகி' என்று கொண்டாடுவது அந்தப் பதிலைத்தான்.

லண்டன் கதையும் ஏறக்குறைய இதே போலத்தான். 1951இல் பிரிட்டன் திருவிழாவை ஒட்டி எரிக் மார்லி நடத்திய பிகினிப் போட்டிதான் உலக அழகிப் போட்டியாக வளர்ந்தது.

லாங் பீச்சில் நடந்த அந்த முதல் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியக் கலைஞர், பின்னாளில் ஒடிசி நடனத்தை வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டுபோனவர். போட்டிக்குப் போனபோது அவருக்குத் திருமணமாகி, குழந்தையும் இருந்தது. அப்போது அது தடையாக இருக்கவில்லை. பிறகு விதியை மாற்றி, திருமணமானவர்களும் தாய்மார்களும் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கதவு மறுபடி திறந்தது 2023இல்தான். 28 வயதுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு அதற்கும் அடுத்த ஆண்டு போயிற்று. 'அழகு என்றால் இளமை, இளமை என்றால் கன்னிமை' என்பது ஏதோ காலங்காலமாக வந்த இலக்கணம் இல்லை, யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது என்பதற்கு இந்த ஒரு விதியின் கதையே போதும்.

பெண்ணியவாதிகளின் எதிர்ப்பு

1968 செப்டம்பர் 7. அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டி நடக்கும் அரங்குக்கு வெளியே பெண்கள் கூடினார்கள். ஒரு குப்பைத்தொட்டியை வைத்து 'விடுதலைக் குப்பைத்தொட்டி' என்று பெயரிட்டு, உள்ளாடை, இடுப்பை இறுக்கும் கச்சை, குதிகால் செருப்பு, தரை துடைக்கும் மாப், பெண்கள் பத்திரிகைகள் எல்லாவற்றையும் அதில் வீசினார்கள். உயிருள்ள ஓர் ஆட்டுக்குக் கிரீடம் சூட்டினார்கள். சந்தையில் ஆடு மாடுகளுக்கு நடக்கும் போட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது கேள்வி. பெண்ணியவாதிகள் பிராவைக் கொளுத்தினார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அந்தக் கதை இங்கேதான் பிறந்தது. அன்றைக்கு அங்கே எதுவும் கொளுத்தப்படவில்லை.

அவர்கள் சொன்னது உடை குறைவு என்பதல்ல. பெண்ணை உடம்பாக மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது தவறு, அந்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பார்த்து மற்றப் பெண்களும் தங்களை அளந்துகொள்ளப் பழகுகிறார்கள் என்பதுதான் அவர்கள் வாதம். கூடவே, இந்தப் போட்டி வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டுமானது என்பதையும் சொன்னார்கள். அது வெறும் குற்றச்சாட்டு இல்லை. போட்டியாளர் வெள்ளை இனத்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மிஸ் அமெரிக்காவின் விதிப் புத்தகத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். அதே நாளில் அதே ஊரில் கறுப்பினப் பெண்களுக்கான தனிப் போட்டி ஒன்றும் நடந்தது. அதில் சாண்ட்ரா வில்லியம்ஸ் வென்றார். போட்டியே வேண்டாம் என்று ஒரு கூட்டம், போட்டியில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று இன்னொரு கூட்டம், இரண்டும் ஒரே ஊரில், ஒரே நாளில். இரண்டு கோரிக்கையும் நியாயமானவை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டவர்களில் ஒருவரான கேரல் ஹேனிஷ், பிறகு தங்கள் தரப்பையே விமர்சித்து எழுதினார். போராட்டத்தின் சில முழக்கங்கள் போட்டியை விட்டுவிட்டுப் போட்டியில் நின்ற பெண்களைத் தாக்கிவிட்டன, அந்தப் பெண்களையும் நம் பக்கத்தவர்களாகத்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆட்டுக்குக் கிரீடம் சூட்டினால் உள்ளே நிற்கும் பெண்ணுக்கு என்ன தோன்றும்? தன்னையே ஆடு என்று சொல்வதாகத்தானே தோன்றும்? ஹேனிஷின் அந்த எழுத்து இந்த விவாதத்தில் இருக்கும் நேர்மையான குரல்களில் ஒன்று.

இரண்டு ஆண்டு கழித்து, 1970 நவம்பரில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உலக அழகிப் போட்டி. நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது பார்வையாளர் பகுதியிலிருந்து மாவுப் பொட்டலங்களும் துண்டறிக்கைகளும் பறந்தன. பெண் விடுதலை இயக்கத்தினர் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நேரடி ஒளிபரப்பில் உலகமே பார்த்தது. கலவரம் அடங்கியதும் போட்டி தொடர்ந்தது. அன்று முடிசூடியவர் கிரெனடா என்ற சின்னஞ்சிறு கரீபியத் தீவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஹோஸ்டன். உலக அழகிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இரண்டாம் இடம் தென்னாப்பிரிக்காவின் பேர்ல் ஜான்சனுக்கு. அவர் தோளில் இருந்த பட்டையில் நாட்டின் பெயர் சரியாக இல்லை. 'ஆப்பிரிக்கா தெற்கு' என்று திருப்பிப் போட்டிருந்தார்கள். நிறவெறி ஆட்சி நடந்த அந்த நாட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பெண்ணும் வந்திருந்தார். 'தென்னாப்பிரிக்கா' என்ற பட்டை அவருக்குப் போய்விட்டது.

அந்த ஒரே அரங்கத்தில், கீழே இருந்த பெண்ணுக்கு மேடை அவமானம், மேலே இருந்த பெண்ணுக்கு அதே மேடை தன் நிறத்துக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம். யார் சரி? எனக்குக் கீழே இருந்தவர்களின் கேள்வி சரியாகப் படுகிறது, மேலே இருந்தவரின் மகிழ்ச்சியும் உண்மையாகப் படுகிறது. ஹோஸ்டன் பின்னாளில் கனடாவுக்கான கிரெனடாவின் தூதரானார். அன்றைய நடுவர்களில் ஒருவராகக் கிரெனடாவின் ஆட்சித் தலைவர் எரிக் கெய்ரியே உட்கார்ந்திருந்தார் என்பதால், முடிவு பற்றிச் சந்தேகமும் கிளம்பியது. அந்தச் சந்தேகத்துக்கு வழி செய்தது யார்? நடுவர்களை நியமித்தவர்கள். ஏச்சுப் பேச்சை வாங்கிக்கொண்டது யார்? முடிசூடிய பெண்.

பெங்களூரு, 1996

நம் பக்கத்தில் இந்தச் சண்டை முழு உருவத்தில் வெடித்தது பெங்களூரில். 1996 நவம்பர் 23ஆம் தேதி, சின்னசாமி ஸ்டேடியத்தில் உலக அழகிப் போட்டி. நடத்தியது அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம். மாநில அரசு ஆதரவாக இருந்தது. ஊருக்குப் பெயர் கிடைக்கும், முதலீடு வரும் என்ற கணக்கு.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து கிளம்பியது. பாரதிய ஜனதா மகளிர் அணியும் இந்து அமைப்புகளும், இது இந்தியப் பண்பாட்டுக்கு எதிரானது, பெண்ணின் மானம் போகிறது என்றார்கள். இடதுசாரி மாதர் அமைப்புகள் வேறு காரணம் சொன்னார்கள்: பெண்ணைச் சரக்காக்குகிறார்கள், அழகுசாதனக் கம்பெனிகளுக்குச் சந்தை பிடித்துத் தருகிறார்கள். மூன்றாவதாக, பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக விவசாயிகள் சங்கம். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர்கள் பெங்களூரில் அமெரிக்கக் கோழிக்கறிக் கடையான கே.எஃப்.சி.க்குள் புகுந்து நொறுக்கியிருந்தார்கள். அவர்களுக்கு அழகிப் போட்டியும் கோழிக்கறிக் கடையும் ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள்: பன்னாட்டு முதலாளிகளுக்கு நாட்டைத் திறந்துவிடுவது.

மூன்று தரப்பும் ஒரே வாசலில் நின்று கோஷம் போட்டன. அடுத்த நாள் பேப்பரில் 'எதிர்ப்பாளர்கள்' என்று ஒரே சொல்லில் எழுதினார்கள். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். பண்பாட்டுக் காவலர்கள் கேட்டது, பெண் உடம்பை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது. மாதர் சங்கத்தார் கேட்டது, பெண் உடம்பை யாரும் விலைபேசக் கூடாது என்பது. முதல் கோரிக்கை நிறைவேறினால் இரண்டாவது கோரிக்கைக்காரர்களும் தெருவுக்கு வர முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரோ ஒருவர் எதிர்க்கிறார் என்பதற்காக நாமும் கூடவே கைதட்டினால், எதற்குக் கைதட்டினோம் என்றே தெரியாது.

அரசும் நீதிமன்றமும் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தன. நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். ஸ்டேடியத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் போலீசார். கிரீஸ் நாட்டின் ஐரீன் ஸ்க்லிவா முடிசூடினார். ஏ.பி.சி.எல். கடனில் மூழ்கியது. இதற்கெல்லாம் முன்பே, அந்த நவம்பரில், போட்டியை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்துபோனார். பெண்ணின் மானத்தைக் காப்பதாக எல்லாரும் பேசிய அந்த வாரங்களில் போன உயிர் அது. பெங்களூரு 1996 என்றதும் பலர் அமிதாப்பின் நஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மதுரையின் அந்த மரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆதரிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதல் வாதம், இது ஒரு ஏணி என்பது. 1966இல் உலக அழகிப் பட்டம் வென்ற முதல் இந்தியர், முதல் ஆசியர் ரீட்டா ஃபாரியா அப்போது பம்பாயில் மருத்துவ மாணவி. ஓராண்டுக் கடமை முடிந்ததும் மாடலிங்கும் சினிமாவும் வேண்டாம் என்று லண்டனில் படிப்பைத் தொடர்ந்து டாக்டரானார். 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் வென்றார்கள். அந்த ஆண்டு மிஸ் இந்தியா போட்டியில் தான் போட்டிருந்த கவுன் டெல்லி சரோஜினி நகர்ச் சந்தையில் வாங்கிய துணியில் பாவாடை தைக்கும் டெய்லர் ஒருவர் தைத்தது, கையுறை புது சாக்ஸை வெட்டிச் செய்தது என்று சுஷ்மிதாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2018இல் மிஸ் இந்தியா ஆன அனுகீர்த்தி வாஸ் திருச்சிக்காரர், சென்னை லயோலா கல்லூரி மாணவி. சினிமாக் குடும்பத்தில் பிறக்காத, பெரிய இடத்து சிபாரிசு இல்லாத ஒரு பெண்ணுக்கு இது ஒரு வழி என்பதை நாம் மறுக்க முடியாது.

இரண்டாவது வாதம் விருப்பம் பற்றியது. வயது வந்த பெண், தானாக விண்ணப்பித்துப் போகிறாள், நீங்கள் யார் தடுக்க? இது வலுவான வாதம். நான் இதை ஏற்கிறேன். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: கையெழுத்துப் போட்ட பிறகும் அந்த விருப்பத்துக்கு மரியாதை இருக்கிறதா? 1983இல் மிஸ் அமெரிக்கா பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான வனெஸ்ஸா வில்லியம்ஸின் பழைய நிர்வாணப் படங்களை, அவர் அனுமதி இல்லாமல் அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகை வெளியிட்டது. அவரைப் பட்டத்திலிருந்து விலக வைத்தார்கள். வருடா வருடம் நீச்சலுடையில் பெண்களை நடக்கவைத்த அமைப்பு, உடம்பு வெளியே தெரிந்துவிட்டது என்று அவரை அனுப்பியது. 2015இல் அதே மேடையில் அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். முப்பத்தோரு வருடம் தாமதம். நீச்சலுடைச் சுற்றையே 2018இல் கைவிட்டார்கள். உலக அழகிப் போட்டி அதற்குச் சில ஆண்டு முன்பே அதை நிறுத்திவிட்டது. பிரபஞ்ச அழகிப் போட்டி இன்றுவரை நிறுத்தவில்லை.

2021 ஏப்ரலில் கொழும்பில் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். திருமணமான பெண்களுக்கான 'மிஸஸ் ஸ்ரீலங்கா' போட்டி, தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. புஷ்பிகா டி சில்வாவுக்குக் கிரீடம் சூட்டியாயிற்று. 2019இல் அதே பட்டம் வென்ற கரோலின் ஜூரி மைக்கைப் பிடித்து, விவாகரத்தானவர்களுக்கு இந்தப் பட்டம் கிடையாது என்று சொல்லி, அவர் தலையிலிருந்த கிரீடத்தைப் பிடுங்கி இரண்டாம் இடத்தவர் தலையில் வைத்தார். முடியில் சிக்கியிருந்த கிரீடத்தை இழுத்ததில் புஷ்பிகாவுக்குத் தலையில் காயம். தான் பிரிந்து வாழ்பவர்தான், விவாகரத்து ஆகவில்லை என்று அவர் விளக்கம் சொன்னார். பட்டம் அவரிடமே திரும்பியது. கிரீடம் கிடைத்த பிறகு புஷ்பிகா, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு அதை அர்ப்பணிப்பதாகச் சொன்னார். எல்லாரும் ஜூரியைத் திட்டினார்கள், சரிதான். ஆனால் விவாகரத்தானவருக்குக் கிரீடம் கிடையாது என்ற விதியை எழுதியவர்கள் யார் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

நிறமும் அளவுகோலும்

2013 செப்டம்பரில் நீனா டவுலூரி மிஸ் அமெரிக்கா ஆனார். தெலுங்குக் குடும்பத்தில், அமெரிக்காவில் பிறந்தவர். பாலிவுட் நடனம் ஆடித்தான் திறமைச் சுற்றைக் கடந்தார். அமெரிக்காவில் சிலர் அவரை 'அரபிக்காரி' என்று இணையத்தில் வசைபாடினார்கள். இந்தியாவில் வேறு ஒரு பேச்சு ஓடியது: இந்த நிறத்துக்கு நம் ஊர்ப் போட்டியில் முதல் சுற்றையே தாண்டியிருக்க மாட்டார். வருத்தமான விஷயம், அந்தப் பேச்சைப் பெரிதாக யாரும் மறுக்கவில்லை. 1975இலிருந்து 'ஃபேர் அண்ட் லவ்லி' டியூப் டியூப்பாக விற்ற நாடு இது. 2020இல் பெயரில் இருந்த 'ஃபேர்' போயிற்று, கடைக்காரரிடம் கேட்பவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே அழகிப் போட்டியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பெண் பார்க்கும் படலமும் ஒரு போட்டிதான். நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், பாடச் சொல்வார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், உயரத்துக்கு மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள், 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று தீர்ப்புச் சொல்வார்கள். காபி டம்ளரை நீட்டும் பெண் அங்கே விண்ணப்பம் போட்டு வந்தவள் இல்லை. தோற்றால் பரிசுத் தொகையும் இல்லை, விலகிக்கொள்ளும் உரிமையும் பெரும்பாலும் இல்லை. டிவியில் நீச்சலுடையைப் பார்த்து முகம் சுளிக்கும் வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இது நடக்கிறது. அழகிப் போட்டி புதிதாக ஒரு அளவுகோலைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே வீட்டுக்கூடத்தில் இருந்த அளவுகோலுக்கு விளக்குப் போட்டு, விளம்பரதாரரைப் பிடித்துவந்தது.

அளவுகோல் மாறாது என்றும் சொல்ல முடியாது. 2019இல் பிரபஞ்ச அழகியான தென்னாப்பிரிக்காவின் சோசிபினி டுன்சி, நேராக்காத, ஒட்ட வெட்டிய சுருட்டை முடியோடு மேடைக்கு வந்தார். தன்னைப் போன்ற தோலும் முடியும் உள்ள பெண்ணை யாரும் அழகி என்று நினைக்காத உலகத்தில் வளர்ந்ததாகச் சொன்னார். சவுரிமுடி வைத்துக்கொள்ளும்படி அறிவுரை சொன்னவர்கள் இருந்தும் அவர் மறுத்திருந்தார். ஒரு சிறுமி தன் முடியைப் பார்த்து வெட்கப்படாமல் இருக்க அந்த இரவு உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கூவாகம்

இந்த விவாதத்தில் பட்டிமன்ற மேடைக்கு வராத ஒரு போட்டி விழுப்புரத்தில் நடக்கிறது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகம் கூத்தாண்டவர் கோவில் திருவிழாவுக்கு நாடெங்கிலும் இருந்து திருநங்கைகள் வருகிறார்கள். அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுவது சடங்கு. அதற்கு முந்தைய நாட்களில் விழுப்புரத்தில் 'மிஸ் கூவாகம்' போட்டி. ஜெயிப்பவருக்குக் கிரீடம், பரிசு. நடந்து வந்தால் மட்டும் போதாது, கேள்விச் சுற்றும் உண்டு. எய்ட்ஸ் விழிப்புணர்வு, திருநங்கைகளின் உரிமை, பொது அறிவு எல்லாம் கேட்பார்கள்.

1968இல் அட்லாண்டிக் சிட்டியில் கேட்ட கேள்வியை அப்படியே கொண்டுவந்து இங்கே கேட்டால் பொருந்தாது. 'உன்னைப் பெண்ணாக மட்டும் பார்க்கிறார்கள்' என்பது அங்கே புகார். 'என்னைப் பெண்ணாகப் பார்க்கவே மறுக்கிறார்கள்' என்பது இங்கே புகார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும் ஒருவருக்கு, நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்ட நடந்து வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போட்டியை நடத்துபவர்களும் திருநங்கை அமைப்பினர்தான். விதி எழுதுவதும் மேடை ஏறுவதும் ஒரே சமூகம் என்பதால் என் கேள்விக்கு இங்கே நல்ல பதில் கிடைக்கிறது. அதே சமயம், எவ்வளவுக்கு எவ்வளவு பெண் மாதிரி தெரிகிறாரோ அவ்வளவுக்கு மதிப்பு என்ற அழுத்தம் இங்கேயும் எட்டிப்பார்க்கிறது. நிறமும் மெலிவும் இங்கேயும் பேசுபொருள்தான்.

ஹைதராபாத், 2025

உலக அழகிப் போட்டி 2025 மே மாதம் தெலங்கானாவில் நடந்தது. தாய்லாந்தின் ஓபல் சுச்சாத்தா சுவாங்ஸ்ரீ வென்றார். மாநிலச் சுற்றுலாவுக்கு விளம்பரம் என்று அரசு சொன்னது. 1921இல் அட்லாண்டிக் சிட்டி வணிகர்கள் சொன்ன அதே காரணம். போட்டியாளர்களை முலுகு மாவட்டத்து ராமப்பா கோவிலுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வரிசையாக உட்கார்ந்த அவர்களின் கால்களில் உள்ளூர்ப் பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள், துண்டால் துடைத்தும் விட்டார்கள். படம் வெளியானதும் பெரிய சர்ச்சை. விருந்தினரை வரவேற்கும் மரபு என்று ஒரு தரப்பு, நம் பெண்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள். கோபம் முழுக்க வெளிநாட்டுப் பெண்களின் கால்கள் மேல் போயிற்று. அவர்களில் யாரும் காலைக் கழுவிவிடச் சொல்லிக் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலை எழுதியவர், அந்த உள்ளூர்ப் பெண்களை வரவழைத்தவர், கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னவர், இவர்கள் யாரும் படத்தில் இல்லை.

அதே போட்டியிலிருந்து இங்கிலாந்துப் போட்டியாளர் பாதியில் விலகி ஊர் திரும்பினார். பணக்கார விருந்தினர்களை மகிழ்விக்க எங்களை உட்காரவைத்தார்கள் என்று குற்றம் சாட்டினார். அமைப்பாளர்கள் மறுத்தார்கள். உண்மை எதுவாக இருந்தாலும், பிடிக்காதபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப அவரால் முடிந்தது.

பிடிக்காவிட்டால் கிளம்ப முடியும் என்பது எனக்கு முக்கியமான அளவுகோல். அதனால்தான் வயது வந்த பெண்களின் போட்டியைப் பற்றி இத்தனை 'ஆனால்' போட்டுப் பேசும் நான், குழந்தைகளுக்கான போட்டிகளில் எந்த 'ஆனால்'உம் போடுவதில்லை. ஷாப்பிங் மால்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் 'குட்டி இளவரசி' என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு உதட்டுச் சாயம் பூசி, இடுப்பை வளைத்து நடக்கச் சொல்லிக்கொடுத்து, மூன்று பேர் உட்கார்ந்து மார்க் போடுகிறார்கள். ஆறு வயதில் ஒரு பிள்ளை 'நான் அழகா இல்லையா அம்மா, அதான் தோத்துட்டேனா?' என்று கேட்டால் அதற்கு எந்தப் பெற்றோரிடமும் நல்ல பதில் கிடையாது. பிரான்ஸ் நாட்டு செனட் சபை 2013இல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அழகிப் போட்டிகளைத் தடை செய்ய வாக்களித்தது. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து அப்படியொரு சுற்றறிக்கை வந்தால், வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் இன்னும் நாலு பெற்றோரிடமும் பேசிக் கையெழுத்து வாங்குங்கள்.